அறுநூறு முட்டையும் ஒரு கெர்னல் மாட்யூலும்

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக முடிந்தால் திரையில் ஒன்றுமே வராது. ஏதாவது வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. சின்னப் பெட்டிகளுக்குள் ஓடும் லினக்ஸுக்குக் கெர்னல் மாட்யூல் எழுதி மாரடிக்கும் சகபாடிகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சென்சார், ஹீட்டர், ஃபேன் இவற்றோடு பேசுவதற்காக லினக்ஸ் என்கிற இயங்குதளத்தின் அடிவயிற்றில் செருகுகிற துண்டு நிரல் அது. சாதாரண நிரல் தப்புப் பண்ணினால் அது மட்டும் சாகும். எங்களுடையது பெட்டியையே கூட்டிக்கொண்டு சாகும். 2010ஐ ஒட்டிய வருஷங்களில் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் நானும் பாஸ்கரும் இந்தப் பிழைப்பு நடத்தினோம். அவன் சால்டரிங், நான் நிரல்.

பெட்டி பேசியது

விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆரோக்கியமேரி அக்கா வந்தார். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்க ஒரு இன்குபேட்டர் வைத்திருந்தார். அதன் சூட்டைத் தானாகப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டி வேண்டுமாம். ஊர்ப் பெண்களிடம் வீடு வீடாகப் போய் அறுநூறு முட்டை கேட்டிருந்தார், குஞ்சாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி. அத்தனையும் கூமுட்டையாகிப் போனால் அப்புறம் அந்த ஊரில் ஒரு முட்டை பெயராது.

அவர் எதிரிலேயே மாட்யூலை ஏற்றிக் காட்டினேன். என் நேரம், பெட்டி செத்தது. சாகும்போது சும்மா சாகுமா? திரை முழுக்க எண்ணும் எழுத்துமாகக் கொட்டித் தீர்த்தது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ பேசுதே, இன்னா வேணுமாம்னு கேளேன் தம்பி."

ஓட்டுக்குள் ஒரு துடிப்பு

ஒரு வாரத்தில் பிழையைப் பிடித்து, பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினேன். முப்பத்தேழரை டிகிரிக்குக் கீழே இறங்கியதும் ரிலே ஸ்விட்ச் 'டக்'கென்று அடித்து ஹீட்டர் பற்றியது. நான் எழுதிய ஒரு வரி, அங்கே ஒரு கம்பியைச் சூடாக்குகிறது! உங்களுக்கும் முதல் தடவை இப்படித்தானே இருந்திருக்கும், உடம்பு சிலிர்த்துப்போனது.

அன்றே அக்கா முட்டைகளை உள்ளே அடுக்கினார். ஆறாம் நாள் மறுபடி போனேன். அக்கா ஜன்னலைச் சாத்தி, டார்ச் விளக்கின் மேல் ஒரு முட்டையை வைத்தார். உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு, நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அக்கா அமைதியாகக் கேட்டார்: "உன் பொட்டி சூடு குடுக்குது, சரி. இத யாருப்பா ஆன் பண்ணது?"

வளவளப்பை எடுத்தேன்

சோதனைக் காலத்தில் மாட்யூல் தான் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும்படி எழுதுவோம். 'சென்சாரைக் கூப்பிட்டேன், அளக்கச் சொன்னேன், காத்திருக்கிறேன்' என்று ஒரே வளவளப்பு. கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு, பெட்டியைக் கணினியோடு இணைக்கிற சீரியல் கேபிளில் எழுத்தெழுத்தாக ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும். பதினாறாம் நாள் போய், அந்த வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியை அணைக்காமலே சுத்தமான மாட்யூலை ஏற்றினேன். கரண்டை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை. புதிதாக எதையும் சேர்க்கவில்லையே, எடுத்ததற்கு எதற்குச் சோதனை என்ற திமிர்தான். சிரிக்காதீர்கள், நீங்களும் செய்திருப்பீர்கள்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் போன் வந்தது. "கரண்டு போய் வந்துச்சு தம்பி. எண்பத்தஞ்சுன்னு காட்டுது, ஃபேன் பேய் மாதிரி சுத்துது, உள்ள கைய வெச்சா ஜில்லுன்னு இருக்குது. ஜல்தி வா!"

எண்பத்தைந்து

பஸ்ஸில் விக்கிரவாண்டி வரைக்கும் நான் உட்காரவே இல்லை. போய்ப் பார்த்தால் அக்கா பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார். குண்டான் குண்டானாக வெந்நீர் இன்குபேட்டருக்குள் இருந்தது, மேலே கோணிச்சாக்கு. நடுநடுவே ஒரு முட்டையை எடுத்துக் கண்ணை மூடி இமைமேல் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, வெந்நீரைத் தள்ளியோ கிட்டவோ வைத்தார். என் தெர்மாமீட்டரை உள்ளே விட்டேன். முப்பத்தேழு. கும்பிடத் தோன்றியது, நிஜமாகவே.

பெட்டியைத் தனியே வைத்து, பேசுகிற பழைய மாட்யூலைப் போட்டேன். பத்துத் தடவை கரண்டை அணைத்துப் போட்டேன், பத்துத் தடவையும் சரி. பேசாத மாட்யூலைப் போட்டால் முதல் தடவையே எண்பத்தைந்து. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த சென்சார் கரண்டு வந்ததும் எண்பத்தைந்தை வைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கும். நிஜச் சூட்டை அளந்து முடிக்க முக்கால் விநாடி ஆகும். அந்த முக்கால் விநாடியை நான் காத்திருக்க எழுதவே இல்லை, வளவளப்பு கேபிளில் ஊர்ந்து முடிய ஆன நேரம்தான் இத்தனை நாள் எனக்காகக் காத்திருந்தது. எண்பத்தைந்தைப் பார்த்ததும் ஹீட்டரை அணைத்து ஃபேனை முழு வேகத்தில் விட்டு, நான் வந்து பார்க்கும்வரை அப்படியே பூட்டிக்கொள்ளச் சொன்னதும் நானேதான், பாதுகாப்புக்காக.

காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். இந்தத் தடவை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, கை வலிக்கிற வரைக்கும் சோதித்தேன். பிறகு, "தப்பு கரண்டு மேல இல்லக்கா, என் மேலதான்" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கரண்டுன்னு சொல்லியிருந்தா நம்பிக்கினு போயிருப்பேன். நீயே ஒத்துக்கினியா, இப்ப மனசாரத் திட்டவும் முடியல, பேஜாரா கீது."

இருபத்தோராம் நாள்

காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அறுநூறு முட்டை அசையாமல் கிடந்தது. கொலைகாரன் தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் இருந்தேன். எட்டரை மணி வாக்கில் எங்கிருந்தோ ஒரு 'கீச்'. அப்புறம் இன்னொன்று. மதியத்துக்குள் தட்டுத் தட்டாக ஓடுகள் விண்டு, குஞ்சுகள் ஈரத்தோடு, கால் தடுக்கி விழுந்து எழுந்து, அப்பப்பா, என்ன சத்தம்! சுமார் நூறு முட்டை திறக்கவில்லை. என்னாலா, முட்டையே அப்படியா, அது இன்றுவரை தெரியாது. வாசலில் கூடையோடு நின்ற பெண்களுக்கு அக்கா எண்ணிக் கொடுக்கத் தொடங்கினார்.

ஒரு குஞ்சு மட்டும் பாதி ஓட்டில் மாட்டிக்கொண்டு தவித்தது. பொறுக்கவில்லை, விரலால் ஓட்டை உரிக்கப் போனேன். கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. அக்காதான். "கைய எடு தம்பி! அது வர்றப்ப வரும், நீ ஜல்தி பண்ணா ரத்தம் வந்து செத்துடும்."

ஒரு குஞ்சுக்காக இருபத்தோரு நாள் காத்திருக்கிறவருக்கு, முக்கால் விநாடி காத்திருக்கத் தெரியாத நான் பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.