பொட்டு வச்ச பாட்டுப் பொட்டி

யாரு சொன்னா, மருமவ பாட்டுப் பொட்டியப் புடுங்கி வச்சுக்கிட்டான்னு? எதுத்த வூட்டுக்காரியா? அவ வாயில நல்ல சேதி வந்து எவ கேட்டா. ஒக்காரும்மா, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க. கால் ஆடும், செவுத்தோரமா வச்சு ஒக்காரு. கொஞ்ச நாளா நம்ம வூட்ல பாட்டுச் சத்தம் இல்லன்னா ஒடனே மருமவ தலையில பழியா? பாவம்மா அது. பொட்டி ரிப்பேரும் ஆவல, யாரும் புடுங்கவும் இல்ல. நானேதான் தூக்கிக் குடுத்தேன், சிதம்பரத்துல என் சம்மந்தியம்மாவுக்கு.

அது என் கைக்கு வந்த கதையே பெருசு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு என் மவன் சேலைதான் எடுப்பான். மாம்பழக் கலர் எடுக்காதடான்னா மாம்பழக் கலர்தான் எடுப்பான், அவங்கப்பனுக்கும் கலரு தெரியாது. இந்தத் தடவ செம்மங்குப்பத்துல கம்பெனி ஷிப்டு முடிஞ்சு வரும்போதே கையில ஒரு அட்டைப் பொட்டி. நான் மிக்ஸின்னு நெனச்சேன். பிரிச்சா, அந்தக் காலத்து ரேடியோ கணக்கா இருக்கு, தூக்குறதுக்கு மேல ஒரு கைப்புடி. 'ம்மா, இதுக்கு கேசட்டு வேணாம், நெட்டு வேணாம். பழைய பாட்டு ஆயிரக்கணக்குல உள்ளயே இருக்கு, நீ அமுக்குனா பாடும்'ன்னான். 'பாடுறவங்க எல்லாரும் இதுக்குள்ளயாடா ஒக்காந்திருக்காங்க, மூச்சு முட்டாது?'ன்னேன். மருமவ சிரிச்ச சிரிப்புல இடியாப்ப மாவு கையோட ஒக்காந்துட்டா.

ஆனா நான் எழுத்து அறியாதவ. பொட்டி மேல என்னென்னமோ எழுதியிருக்கு, எல்லாம் எறும்பு ஊருன மாதிரி. நான் சோகப் பாட்டு கேக்கணும்னு அமுக்குனா செய்தி வாசிக்கிறான். காதல் பாட்டுன்னு திருப்புனா சாமிப் பாட்டு வருது. ஒவ்வொரு தடவயும் பேரப்புள்ளைய கூப்புடணும், அது போன்ல மூஞ்சிய வச்சுக்கிட்டு 'இருங்க ஆயா, இருங்க ஆயா'ங்குது. நான் என்ன பண்ணேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபேன்சி ஸ்டோர்ல ஒட்டுற பொட்டு அட்டை வாங்கியாந்தேன். சாமிப் பாட்டுக்கு சேப்புல பெரிய வட்டம். காதல் பாட்டுக்கு ரெண்டு குட்டிப் பொட்டு, பக்கத்துல பக்கத்துல, ஜோடியா. சோகப் பாட்டுக்கு நீளப் பொட்டு, கண்ணுத் தண்ணி எறங்குற மாதிரி. ரேடியோவுக்குப் பச்சை. நம்ம மாதா கோயில் பாட்டெல்லாம் மவன் ஒரு பென்டிரைவுல ஏத்திக் குடுத்தான், அதைச் சொருவுற எடத்துல ஒரு கருப்பு. வெல்வெட்டுப் பொட்டும்மா, கரண்டு போனாக்கூட தடவிப் பாத்தாலே தெரியும். அப்புறம் எனக்கு எவனும் வேணாம். கோலம் போடயில பாட்டு, மீன் ஆயயில பாட்டு. தேவனாம்பட்டினத்துலேந்து மீன் கொண்டாருவாளே, அவகூட கூடையை எறக்கி வச்சுட்டு ரெண்டு பாட்டு கேட்டுட்டுத்தான் போவா. வெலைதான் கொறைக்க மாட்டா.

சம்மந்தியம்மா கதைக்கு வர்றேன், இரு.

என் பொண்ணு இந்து வூட்டுலதான் வாழ்க்கைப்பட்டிருக்கா, உனக்குத் தெரியும். சிதம்பரத்துல தேரு ஓடுற வீதிக்குப் பின்னால வூடு. அவ மாமனாரு கோயில்கிட்ட பாத்திரக் கடை வச்சிருந்தாரு. மாசியில போயிட்டாரில்ல. நல்ல மனுஷன், ஆனா பேச்சு ஜாஸ்தி. ஒரு டம்ளர் வாங்கப் போனாக்கூட கதையத் தஞ்சாவூர்லேந்து ஆரம்பிப்பாரு. அவரு போனதுலேந்து சம்மந்தியம்மா வாயே தொறக்கல. அவுங்களுக்கு சக்கரை, கண்ணும் சரியாத் தெரியாது, நெழலாட்டம்தான் தெரியும். சாவு அன்னிக்குக்கூட அழுவல. கருமாதி முடிஞ்சு ஒரு நா நான் போறேன், செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காங்க. தட்டுல வச்ச இட்லி காஞ்சு கெடக்கு. 'இப்படியேதாம்மா. சொன்னா ஒரு வாய் திங்கிறாங்க, இல்லன்னா அதுவும் இல்ல. டாக்டரு இப்படி வுட்டா ஆவாதுங்கிறாரு'ன்னு என் பொண்ணு கண்ணைக் கசக்குறா. சக்கரைக்காரங்க சாப்புடாம கெடந்தா என்னாவும், சொல்லு.

எனக்கு அந்த வூட்டு நெசப்தந்தான் பயமா இருந்துது. என் வூட்டுக்காரர் போன புதுசுல எனக்கும் அப்படித்தான். வூட்ல ஒரு இருமல் சத்தம்கூட கெடையாது. அப்ப பக்கத்து வூட்டு டிவி அலறுமே, அதைத் திட்டித் திட்டியேதான் நான் எழுந்திரிச்சேன். திட்டுறதுக்காச்சும் ஒரு சத்தம் வேணுமில்ல. வூட்டுக்கு வந்தேன், பொட்டியத் தொடச்சேன். மருமவன் கோர்ட்டு வேலையா கடலூர் வந்திருந்தாரு. ஒரு பையில போட்டு, 'உங்கம்மாவுக்குக் குடுங்க மாப்புள'ன்னு அனுப்பிட்டேன். மவனுக்குக் கொஞ்சம் வருத்தந்தான். 'உனக்குன்னு வாங்குனதும்மா'ன்னான். 'எனக்குன்னு வாங்குனதாலதாண்டா என்னால குடுக்க முடியுது'ன்னேன்.

மறுநா காலையில என் பொண்ணு போனு. ஹலோகூட சொல்லல.

'ஏம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?'

'என்னடி, பாடலையா?'

'பாட எங்க வுட்டாங்க. பொட்டி பூரா பொட்டு ஒட்டி அனுப்பியிருக்கியே. தாலி எறங்கி மூணு மாசம் ஆவல. மாமாவோட தங்கச்சி வந்திருக்காங்க, கையில தூக்கிக் காட்டிக் காட்டிப் பேசுறாங்க. பொட்டு அழிச்சுட்டு ஒக்காந்திருக்கிற எங்கண்ணிக்குப் பொட்டு அனுப்பிக் கேலி பண்றாங்களா உங்கம்மான்னு கேக்குறாங்கம்மா. நான் என்ன பதில் சொல்லட்டும்?'

சத்தியமா அந்த நெனப்பே வரல. நான் என் நெத்தியத் தொட்டுப் பாத்தேன், பொட்டு இருக்கு. என் வூட்டுக்காரர் போயி எத்தினி காலம் ஆச்சு, நான் ஒரு நாளும் பொட்டை எடுத்ததில்ல. நம்ம கோயில் சாமியாரும் ஏன்னு கேட்டதில்ல, பங்குச் சனத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. அதனால எனக்கு அது ஒட்டுற சாமான், அவ்வளவுதான். அங்க அது வேற. அந்தம்மா நெத்தியிலேந்து அழிச்சப்ப நானும் அந்தக் கூட்டத்துல நின்னவதான், பாத்தவதான். பாத்தும் புத்தியில ஏறல பாரு. ஏற்கனவே வாய் தொறக்காதவுங்க. இதுல மனசு வுட்டுப் போயி அந்த ஒரு வாயையும் நிறுத்திட்டா? என் பொண்ணு அந்த வூட்ல எப்படித் தலை நிமிருவா?

மருமவகிட்ட ஒரு குப்பியில தேங்கா எண்ண வாங்கிக்கிட்டேன், ஒரு பழைய துணி. எண்ண போட்டாத்தான் பசை வுடும். சிதம்பரம் பஸ்ல ஏறுனா, பக்கத்துல ஒரு பொம்பள, மடி நெறைய மல்லாட்டை, பச்ச வேர்க்கடல. 'எங்கக்கா போறீங்க'ன்னா. 'பொட்டு எடுக்கப் போறேன்'ன்னு சொல்லிட்டேன். அவ அப்புறம் வழி பூரா என்கிட்ட பேசவே இல்ல. மல்லாட்டையும் குடுக்கல.

போறேன், சம்மந்தியம்மாவோட நாத்தனாக்காரம்மா வாசல்லயே ஒக்காந்து கீர ஆயுறாங்க. 'வாங்க'ன்னாங்க, எழுந்திரிக்கல. பொட்டி பரண் மேல, துண்டு போட்டு மூடி, பொணத்தை மூடுன மாதிரி. எறக்கித் தாடின்னு என் பொண்ணுகிட்ட வாங்கி, சம்மந்தியம்மா படுத்திருந்த எடத்துல தரையிலேயே ஒக்காந்துட்டேன். அவுங்க அப்பயும் செவுத்தைப் பாத்துத்தான். நான் எண்ணைய வச்சு நெகத்தால சொரண்டுறேன். நாத்தனாக்காரம்மா பின்னாலயே வந்து நிக்கிறாங்க, 'பசை தெரியாம எடுங்க'ன்னு.

'என்ன சத்தம் அது, எலி சொரண்டுற மாதிரி?'

சம்மந்தியம்மாதான் கேட்டது. எத்தினி நாளைக்கு அப்புறம் வந்த கொரலோ, கரகரன்னு இருக்கு. என் பொண்ணு அடுப்பை அணைச்சுட்டு ஓடியாந்தா.

'நான்தான் சம்மந்தி. பொட்டை எடுக்குறேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அடையாளத்துக்கு ஒட்டுனது. அப்படியே அனுப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.'

அவுங்க மெதுவா திரும்புனாங்க. கையை நீட்டிப் பொட்டியத் தடவுனாங்க. தடவித் தடவி அந்த ஜோடிப் பொட்டுல வெரலு நின்னுது.

'இது எனக்கு வச்சீங்களா, இதுக்கு வச்சீங்களா?'

'இதுக்குத்தான் சம்மந்தி.'

'அப்ப வுடுங்க. இதாவது சுமங்கலியா இருந்துட்டுப் போவட்டும்.'

சிரிக்கிறதா அழுவுறதா ஒருத்தருக்கும் தெரியல. நான் எண்ணக் கையோட ஒக்காந்திருக்கேன். அப்புறம் பாத்தா நாத்தனாக்காரம்மாதான், கீரைக் கத்தையால வாயப் பொத்திக்கிட்டு, குலுங்குறாங்க. சிரிச்சுட்டு அவுங்களுக்கே வெக்கம். ஒடனே மொகத்தை இறுக்கிக்கிட்டு, 'அதுக்குன்னு வருஷம் திரும்பறதுக்குள்ள இந்த வூட்ல பாட்டா அண்ணி, ஊரு என்ன சொல்லும்'ன்னாங்க.

'உங்கண்ணன் பாட்டு கேக்கும்போதுதான் வாய மூடுவாரு. நான் நிம்மதியா இருந்தது அந்த நேரந்தான். அது வேணாமா எனக்கு?'

பேசுறாங்கம்மா, அந்தம்மா. முழுசா பேசுறாங்க.

கடைசியில நாத்தனாக்காரம்மாவே தீர்ப்பு சொன்னாங்க, வருஷம் திரும்புற வரைக்கும் சாமிப் பாட்டு மட்டும்னு. சரின்னு நான் பெரிய வட்டத்தை அமுக்குறேன். பென்டிரைவை எடுக்க மறந்து அப்படியே அனுப்பியிருக்கேன் போலருக்கு. என்ன ஆச்சோ, சிதம்பரத்து வூட்ல மாதா பாட்டு கணீர்னு கெளம்புது, கோரஸோட. புடுங்குறதுக்குக் கை வச்சேன், சம்மந்தியம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. 'அதுவும் அம்மாதானே, பாடட்டும்'ன்னாங்க. புடிச்ச கைய வுடல. பாட்டு பாதியில அவுங்க அழ ஆரம்பிச்சாங்க. நாங்க ஒருத்தரும் தேத்தல. என் பொண்ணு தேத்தப் போனா, நாத்தனாக்காரம்மா கண்ணாலயே நிறுத்திட்டாங்க. அது பெரிய மனுஷிதான், சும்மா சொல்லக் கூடாது.

அழுது முடிச்சு மூக்கைத் தொடச்சுக்கிட்டு, 'காப்பி போடு, சக்கரை போட்டே போடு'ன்னாங்க. சக்கரை போடலன்னு வச்சுக்க. ஆனா ரெண்டு தோசை சாப்புட்டாங்க, நான் ஊட்டல, அவுங்களே பிச்சுத் தின்னாங்க. நான் கெளம்புறதுக்குள்ள அவுங்க வெரலைப் புடிச்சு ஒவ்வொரு பொட்டா வச்சு வச்சுச் சொல்லிக் குடுத்தேன். ஒரே தடவதான், டக்குனு புடிச்சுக்கிட்டாங்க. நான் எடுத்தது ஒரே ஒரு பொட்டு, பச்சை, அந்த எடத்துல மட்டும் எண்ணக் கறை.

வருஷக் கெடு எங்க நின்னுது. பாதி நாளு நாத்தனாக்காரம்மாவே ஜோடிப் பொட்டை அமுக்கிட்டு, 'தெரியாம கை பட்டுடுச்சு'ங்கிறாங்களாம். என் மவன் எனக்கு வேற வாங்கித் தரேங்கிறான், பாப்போம், தராட்டியும் பரவால்ல. எனக்கு அது ஒரு கொறையாவே தெரியலம்மா. நேத்து என் பொண்ணு போன் பண்றா. பழையபடி ஹலோகூட சொல்லல, நான் பதறிட்டேன். என்னன்னு கேட்டா, சம்மந்தியம்மா எழுந்து வந்து, 'நீ ஒதுங்கு'ன்னு இவளை ஒதுக்கிட்டு அவுங்களே ரசம் வச்சாங்களாம். ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு நாத்தனாக்காரம்மா சொல்ல, 'உங்கண்ணன் இருந்தவரைக்கும் யாரும் கொறை சொன்னதில்ல'ன்னு இவுங்க பாய, ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். நடுவுல என் பொண்ணு போயி நின்னதுக்கு, 'உனக்குப் புளி கரைக்கவே தெரியாது'ன்னு அவளுக்கும் ஒண்ணு வுழுந்திருக்கு. 'அம்மா, முன்னாடி மாதிரியே ஆயிட்டாங்கம்மா, என்னால முடியல'ன்னு அழுவுறா.

நான் என்னத்தச் சொல்ல. சிரிப்பை அடக்கிக்கிட்டு, 'ரசம் எத்தினி கரண்டி ஊத்திச் சாப்புட்டாங்கடி'ன்னு கேட்டேன். அவ போனை வச்சுட்டா. கோவந்தான், சாயந்திரம் தானா கூப்புடுவா. அப்ப நான் அவகிட்ட என்ன சொல்லலாம்னு இருக்கேன்னா...

இரு, மாடியில காக்கா கத்துது பாரு. கருவாடு காயப் போட்டுட்டு வல போட்டு மூட மறந்துட்டேன். அந்தக் குச்சிய எடும்மா, எனக்கு முன்னால ஏறு, எனக்கு முட்டி வராது.