சேர்க்கை நடைபெறுகிறது

மகிழன் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். அமெரிக்காவில் பிளானோ வட்டாரத் தமிழர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆள் என்னவோ தங்கமான ஆள். வீடு மாற்றுகிறேன் என்றால் சோபாவின் ஒரு முனையைப் பிடிக்க முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவர் போடுகிற அறிவிப்பு இருக்கிறதே, அதைப் படித்து முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். வாட்ஸப் அவருக்குப் புலனம், கார் மகிழுந்து, பீட்சா வேகப்பம். கவியரங்கம் என்று ஒன்று போட்டார். ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. சிறுதானியத் திருவிழா என்றார். காய்ச்சிய கம்பங்கூழை அவரும் மனைவி ஸ்வர்ணாவும் ஒரு வாரம் குடித்துத் தீர்த்தார்கள்.

பகலில் அவருக்கு ஒரு பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. தன் தப்பைக் கண்டுபிடிக்க மட்டும் அங்கே யாரும் சம்பளம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டோல் ரோட்டில் ஏறி வடக்கே போய், ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்த பகுதி; பெயர் பீட்டர்ஸ் காலனி. யாராவது இரண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசினாலே "பீட்டர் விடாதீர்கள்" என்கிற மனுஷன், குடிபோன இடம் பீட்டர்ஸ் காலனி! நண்பர்கள் சும்மா விடுவார்களா? கிரகப்பிரவேசம் முழுக்க இதே சிரிப்புதான்.

வீட்டோடு ஒரு குதிரையும் வந்தது. விற்றுவிட்டுப் போன கிழத் தம்பதி, "வேலியோடு சேர்ந்தவன் இவன்" என்று விட்டுவிட்டுப் போன ஷெட்லாண்ட் குட்டை ரகம். மகிழனின் இடுப்பு உயரம்தான் இருக்கும். கண்ணை மறைக்கிற முன்முடி, உருண்டை வயிறு, உலகத்தையே ஆள்கிற மிதப்பு. மகிழன் அவனுக்கு மாவேந்தன் என்று பெயர் வைத்தார். பழந்தமிழில் மா என்றால் குதிரை என்று எல்லோரிடமும் விளக்கினார்; யாரும் கேட்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மாவேந்தன் முழு ஆண் குதிரை. பக்கத்துப் பண்ணையில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெட்டைக் குதிரைகள். அவற்றைப் பார்த்துப் பார்த்து இவன் போடுகிற கூச்சல் ஸ்வர்ணாவின் ஒவ்வொரு ஜூம் மீட்டிங்கிலும் கேட்கும். வேலியையும் இரண்டு தடவை உடைத்துவிட்டான்.

"அதுங்க ஹைட்டுக்கு இவன் ஏணி போட்டாத்தான் உண்டு. இதுல பந்தா வேற," என்றாள் ஸ்வர்ணா. "மண்டே வெட் டாக்டர் வர்றார். காயடிச்சிடலாம். நான் அப்பாயிண்ட்மென்ட் வாங்கியாச்சு."

மகிழனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, நாற்பதைத் தொடப் போகிற நேரத்தில்தான் ஸ்வர்ணா தலையாட்டினாள். பெண் கிடைக்காதவன் பாடு அவருக்குத் தெரியும்.

"ஒரே ஒரு வாய்ப்பு கொடு, ஸ்வர்ணா. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பெட்டை கிடைத்தால்?"

"கெடைச்சா வெட்டை கேன்சல் பண்றேன். யாராவது வரணுமே! நீங்க கூப்பிட்டு யாரு வந்திருக்கா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மனுஷன் அசரவில்லை. நம் டாக்டர்கள் எத்தனை பேர் பண்ணை வாங்கிப் போட்டுப் பிள்ளைகளுக்குக் குட்டைக் குதிரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்! அவர்களுக்காக ஓர் அறிவிப்பு எழுதினார். முதலில் 'இனச்சேர்க்கை' என்றுதான் எழுதினார். ஆனால் ஒட்டப்போவது தமிழ்ப் பள்ளிச் சுவரில். சின்னப் பிள்ளைகள் புழங்குகிற இடம், நாசூக்காக இருக்கட்டுமே என்று 'இன' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டார். எல்லா வினையும் அந்த இரண்டு எழுத்தில்தான் வந்தது.

மாவேந்தனின் படத்துக்குக் கீழே அறிவிப்பு இப்படி இருந்தது: 'அழகும் அமைதியும் வாய்ந்த குட்டைக் குதிரை. சேர்க்கை நடைபெறுகிறது! ஞாயிறன்று நேரில் வருக. முந்துவோருக்கு முன்னுரிமை.'

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகிழன் மாவேந்தனைக் குளிப்பாட்டி, பிடரியைச் சீவி, வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் சாலையில் புழுதி கிளம்பியது. ஒரு மினிவேன். அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மினிவேன்!

"ஸ்வர்ணா! வந்துட்டாங்க! எல்லாரும் வந்துட்டாங்க!"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தூய தமிழ்கூட மறந்துபோய்க் குழந்தை மாதிரி குதித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கூப்பிட்டு ஜனம் வந்திருக்கிறது. ஒரு வண்டியின் பின்னால்கூடக் குதிரை டிரெய்லர் இல்லையே என்று யோசிக்கிற நிதானமெல்லாம் அவருக்கு இல்லை.

முதல் வண்டியிலிருந்து பத்ரி இறங்கினார். டேட்டா சென்டர் ஆசாமி. பின்னாலேயே ஹெல்மெட் மாட்டிய இரண்டு பிள்ளைகள்.

"சார், அட்மிஷன் ஃபார்ம் எங்க சார்? ரைடிங் கிளாஸ் சண்டே மட்டும்தானா?"

"என்னது?" என்றார் மகிழன்.

"சேர்க்கைன்னா அட்மிஷன்தானே? ஸ்கூல்ல அப்படித்தானே போடுவாங்க?"

மகிழனுக்கு முழி பிதுங்கியது. புல்வெளி முழுக்க ஹெல்மெட் போட்ட பிள்ளைகள். அவர் ஏதேதோ தூய தமிழ்ச் சொற்களை வைத்துச் சுற்றி வளைத்தார். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் பத்ரியின் காதருகே குனிந்து, ஆபீசுக்கு வெளியே பல வருடத்தில் முதல்முறையாக ஓர் இங்கிலீஷ் வார்த்தையை உச்சரித்தார்.

"ப்ரீடிங்குங்க!"

"விட்டாரு பாருங்க பீட்டரு!" என்று ஸ்வர்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளைகளையெல்லாம் ஐஸ்கிரீம் தருவதாகச் சொல்லி வீட்டுக்குள் ஓட்டிப் போய் டிவியைப் போட்டுவிட்டு வந்தாள்.

பத்ரி சமாளித்துக்கொண்டார். "பரவாயில்ல சார். நாளைக்கு வெட் வர்றார்னு மேடம் இப்பத்தான் சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணிட்டா சாதுவாயிடுமாமே? கொஞ்ச நாள் கழிச்சு கிளாஸ் ஆரம்பிங்க. நாங்க எல்லாரும் வர்றோம். எவ்ரி சண்டே!"

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எவ்ரி சண்டே! மகிழன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வாரா வாரம் இந்தக் கூட்டம், இந்தச் சிரிப்பு, இத்தனை வண்டி. தலையை ஆட்டினால் போதும். அவர் மாவேந்தனைப் பார்த்தார். அவனோ வேலி மேல் தாடையை வைத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணையையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிக்கணும்," என்றார் மகிழன். "இவன் வாத்தியார் இல்லீங்க. மாப்பிள்ளை."

கூட்டம் முணுமுணுத்தபடி வண்டிகளுக்குத் திரும்பியது. ஆனால் ஒருவராலும் வெளியே போக முடியவில்லை. இருக்கிற ஒற்றை வழியை அடைத்துக்கொண்டு ஒரு குதிரை டிரெய்லர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதை இழுத்து வந்த டிரக்கிலிருந்து ஆஸ்பத்திரி உடுப்போடு ஓர் அம்மாள் இறங்கினார்.

"ஐயாம் டாக்டர் விசாலாக்ஷி. டெலிவரி கேஸ் ஒண்ணு, லேட்டாயிடுச்சு. சேர்க்கை முடிஞ்சிடுச்சா?"

"டாக்டர், இங்கே வகுப்பெல்லாம் கிடையாது," என்றார் மகிழன் சோர்ந்துபோய்.

"கிளாஸா? எங்க பொன்னியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். பருவத்துக்கு வந்திருக்கா. குதிரைக்குச் சேர்க்கைன்னா வேற என்னங்க அர்த்தம்? எங்கப்பா நாமக்கல்ல மாட்டாஸ்பத்திரி டாக்டர்."

மகிழனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக எழுதி எழுதிப் போட்டதில், ஒரே ஓர் ஆள் சரியாகப் படித்திருக்கிறார்!

டிரெய்லர் கதவு திறந்தது. பொன்னி இறங்கினாள், மாவேந்தனின் உயரமேதான், நல்ல வெண்சாம்பல் நிறம். மாவேந்தன் பார்த்தான். இரண்டு வருடம் ஊரைக் கூட்டிய அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. விறுவிறுவென்று வந்து மகிழனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அடப்பாவி! மானத்தை வாங்காதேடா!"

"அப்படியே உங்களை மாதிரிதான்," என்றாள் ஸ்வர்ணா. "பொண்ணு பாக்க வந்தப்போ நீங்களும் இப்படித்தான் உங்கம்மா பின்னாடி நின்னீங்க."

டாக்டர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை பேர் வெச்ச கண்ணு வாங்காம பாத்தா அவனுக்கு எப்படிங்க வரும்? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

டாக்டர் சொன்னால் மறுபேச்சு உண்டா? எச்-ஒன்பி விசா, கிரீன் கார்டு, சிட்டிசன் என்ற பேதமில்லாமல் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சாலையோரத்து நீலப் பூக்களை அப்படி ஒரு கவனத்தோடு பார்த்தார்கள். பத்ரி சம்பந்தமே இல்லாமல் வீட்டு வரியைப் பற்றி உரக்கப் பேசினார். பின்னால் ஒரு கனைப்பு, குளம்புச் சத்தம், ஒரு சின்ன உதை விழுந்த ஓசை, மறுபடி கனைப்பு.

"ம்... ஆச்சு!" என்றார் டாக்டர், பிரசவ அறையில் சொல்கிற அதே குரலில்.

யார் முதலில் கை தட்டியது என்று தெரியவில்லை. புல்வெளியே கைதட்டியது. பத்ரி விசிலடித்தார். மகிழன் மாவேந்தனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். ஸ்வர்ணா அங்கேயே நின்று வெட் ஆபீசுக்கு போன் போட்டு வாய்ஸ்மெயிலில் பேசினாள்: "ப்ளீஸ் கேன்சல் மண்டே. ஹி காட் மேரீட்."

எல்லோரும் போன பிறகு மகிழன் புலனத்தில் புது அறிவிப்பு போட்டார்: 'சேர்க்கை இனிதே நிறைவுற்றது. அடுத்த நிகழ்வு: குட்டி பிறந்ததும் பெயர்சூட்டு விழா. அனைவரும் வருக.'

போட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலே வராது என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அது டிங் டிங் என்று மேஜையில் அதிர்ந்து நகர ஆரம்பித்தது. ஸ்வர்ணா எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாரும் வர்றாங்களாம். இந்தத் தடவை கூழ் காய்ச்சினா பத்தாது போலிருக்கே!"