டிக் விழுந்த வீட்டுக்கு பஸ் வராது

"நாப்பது வோட்டால நாட்டத் திருத்தப் போறியோ தங்கச்சி?"

பக்கத்து வளவு சிவராசா அண்ணன் போன தேர்தலில் கேட்டது. ஒரு கட்சிக்காக வீடு வீடாக நடப்பவர் அவர். யாருக்கும் முன்கூட்டியே 'ஓம்' சொல்லாமல் எங்கள் சின்னத் தெருவின் நாற்பது வாக்கும் ஊராகச் சேர்ந்து நின்றால் என்ன என்று நான்தான் வாயைத் திறந்திருந்தேன். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் போன வாரம் எங்கள் மேசையில் கிடந்தது!

மறுபடியும் தேர்தல். அண்ணன் வந்து பிளேன்டீ குடித்தார். வாக்காளர் பட்டியலை மறந்து விட்டுப் போய்விட்டார்.

"என்ன புள்ள எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்" என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. ஆனால் அன்று வாசிக்க அதிகம் இருக்கவில்லை. எங்கள் தெருவான இந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் ஒரே குறி... 'இது நம்ம வாக்கு' என்று ஒரு டிக்.

ஏன் விழாது? படியேறி வந்தவருக்கு இல்லை என்று சொல்ல நமக்கு வருமா? எல்லாக் கட்சிக்கும் தேநீர். எல்லாருக்கும் "ஓம், உங்களுக்குத்தான்." வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் மனதை மாற்றிக்கொள்ளலாம் என்ற கெட்டித்தனம் வேறு. அப்படியானால் மற்றக் கட்சிகளின் பட்டியலிலும் நமக்கு டிக்தானே? டிக் விழுந்த வீட்டுக்கு யார் பஸ் கொண்டுவருவார்?

ஆம், பஸ்தான் விஷயம். தவமணி அக்காவின் மகள் விஞ்ஞானம் படிக்கிறாள். டவுனில் வகுப்பு முடிந்து வாவியைக் கடந்து எங்கள் பக்கமான படுவான்கரைக்குத் திரும்ப மாலையில் பஸ் இல்லை. நான் படித்த காலத்தில் எனக்கு அப்பா சைக்கிளோடு பாலத்தடியில் நின்றார். அவளுக்கு அப்பா இல்லை. இந்த மாதம் வகுப்பை நிறுத்திவிட்டாள்.

ஆறு மணிக்குப் பாலத்தில் ஏறும் ஒரு பஸ். உள்ளே லைட். ஜன்னலோரம் மடியில் வகுப்புக் கொப்பிகளோடு அவள்... எத்தனை மாலைகளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெறும் பாலத்தில்!

ஞாயிறு மாதர் சங்கத்தில் பட்டியலின் கதையைச் சொன்னேன். தவமணி அக்காதான் முதலில் பேசினார்.

"தேத்தண்ணி எல்லாருக்கும் குடுப்பம். 'ஓம்' மட்டும் வேணாம். பஸ் ஓடட்டும், மறுகா பாப்பம்."

"அப்ப சீனி மிஞ்சாதுகா!" என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தோம்.

"கூரைக்குத் தகரம் தாறமெண்டு ஒராள் வந்தா?" என்றது பின்வரிசைக் குரல்.

நானும் அதற்குத்தான் பயப்படுகிறேன். நாற்பது வாக்கு நாட்டைத் திருத்தாது, அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஊருக்கு ஊர் நாற்பது பேர், "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொன்னால்? எல்லாரும் 'பஸ் எப்ப?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டால்? டிக் போடும் கை கொஞ்சம் நின்று யோசிக்காதா? ஆசைதான்... பெரிய ஆசை.

நேற்று அண்ணன் பட்டியலைத் தேடி வந்தார். எடுத்துத் திறந்து பார்த்தார். ஒழுங்கை முழுக்க, வீட்டுக்காரரைக் கேட்டுக் கேட்டு, டிக்கை வெட்டிக் கேள்விக்குறி போட்டிருந்தேன்.

"இதென்ன தங்கச்சி வேல?"

"இன்னும் முடிவெடுக்கல்ல அண்ணன். உள்ளுக்குப் பின்னேர பஸ் கேட்டுக் கடிதம் ஒண்டு இரிக்கு, உங்கட தலைவரிட்டக் குடுங்க."

மற்ற இரண்டு கட்சிகளுக்குமான கடிதங்கள் காலை பஸ்ஸிலேயே பாலத்தைக் கடந்துவிட்டன.