கடலோரச் சாலையில் ஒரு கொல்லிமலை டிரைவர்

கார் கண்ணாடியை இறக்கினால் ஒரு பக்கம் கடல் உப்பு, இன்னொரு பக்கம் புகை வாசம். அந்தப் பக்கத்து வீடுகளில் சதுப்பு நிலத்து மக்கிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து, விறகு மாதிரி எரிப்பார்கள். என் வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வரட்டி எரிக்கற வாசமாட்டவே இருக்குது சரசு."

எட்டு மாதத்தில் அவராக வாய் திறந்து சொன்ன முதல் நல்ல வார்த்தை அது...

2003. அயர்லாந்து. நான் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் என்னோடு வந்தவர். அவருடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. கொல்லிமலையில் எங்கள் வளப்பூரிலிருந்து அடிவாரத்துக்கு மிளகும் பலாவும் ஏற்றிக்கொண்டு தினமும் ஜீப் ஓட்டிய மனுஷன், மூன்றாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியை மட்டும் பரண்மேல் ஏற்றவே விடமாட்டார்.

அதனால்தான் அந்தப் பயணம். லீவு போட்டது நான், கார் வாடகைக்கு எடுத்தது நான். நாலு நாள் கடலோரமாக வண்டி ஓட்டவிட்டால் ஆளுக்கு இந்த ஊர் பிடித்துப்போகும், இருந்துவிடுவார் என்று கணக்கு போட்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

சின்னச் சிவப்புக் கார். ஸ்டீயரிங்கைத் தொட்டதும் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். என் மடியில் டிபன் பாக்ஸில் புளிசாதம். இரண்டு பக்கமும் கருங்கல் அடுக்கிய சுவர், நடுவில் ஒரு வண்டி போகிற ரோடு, திரும்புகிற இடமெல்லாம் கடல்.

வளைவு வந்தது. நீளமாக ஒரு ஹாரன் அடித்து, வண்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எதுக்கு நிக்கறீங்க?"

"எதுக்க வர்றவன் அடிக்கோணுமல்லோ?"

கொல்லிமலை ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன், பதிலுக்கு மேலிருந்தோ கீழிருந்தோ ஒரு ஹாரன். பதினைந்து வருஷம் அப்படியே ஓட்டிய கை. இந்த ஊரில் ஹாரன் அடித்தால் திட்டுகிற மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அடுத்த வளைவிலும் அடித்தார்.

அப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியிருப்போம். ஒரு மேட்டில், கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். ரப்பர் பூட்ஸ், கோட்டுக்குப் பட்டன்கூடப் போடவில்லை. யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். மலையடிவாரத்திலிருந்தே ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம், யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம்.

எனக்கு மானமே போயிற்று. விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். இந்த ரோட்டில் எதிரே யாரும் வரமாட்டார்கள் அம்மா, தைரியமாகப் போங்கள் என்றார். அப்புறம் கேட்காமலேயே சொன்னார். மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். ஆடுகளைத் தான் ஒருத்தராகத்தான் பார்த்துக்கொள்கிறாராம்.

"என்ன சொல்றாருங்கறேன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுக்க வண்டி வராதாம், போலாங்கறாருங்க" என்றேன்.

பிள்ளைகள் விஷயத்தை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இந்த மனுஷன் ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று பயம்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "மூணு பேருமா போயிட்டாங்க?"

பெரியவர் மூன்று விரலைக் காட்டி, கடல் பக்கம் கையை வீசியிருந்தார். அதற்கு எதற்கு இங்கிலீஷ்... நான் ஆமாங்க என்றேன்.

அதற்கப்புறம் வளைவுகளில் ஹாரன் இல்லை.

மத்தியானம் ஒரு மணல் திட்டில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். காற்றில் மணல் பறந்து சோற்றில் விழுந்தது. கை கழுவிவிட்டுச் சொன்னார்.

"எங்கய்யன் ஒண்டியா ஏணி வெச்சு மொளகு பறிக்கறாரு. நான் ஊருக்குப் போறேன் கண்ணு. நீ இரு. உன்ற வேலைய உட்டுப்போட்டு வர வேண்டாம்."

இருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பார். எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. நானும் வாரேன் என்றும் சொல்லவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அன்று ராத்திரி அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மீதி மூன்று நாளும் சண்டையில்லாமல் சுற்றினோம். நிஜமாகவே நல்ல பயணம்தான்.

அவர் போனார். நான் ஆறு வருஷம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வளப்பூரிலிருந்து பஸ் ஏறி, மலைமேலேயே இருக்கிற சோளக்காடு கடைவீதிக்குப் போய், டெலிபோன் பூத்தில் என் போனுக்காகக் காத்திருப்பார். லைனில் பாதி இரைச்சல். மழை பெய்ததா, சாப்பிட்டீர்களா, அய்யனுக்குக் கால்வலி எப்படி... அவ்வளவுதான் பேச்சு. நடுவில் இரண்டே முறை லீவில் வந்து போனேன்.

இப்போது வளப்பூரிலேயே முழு சிக்னல் வருகிறது. நர்ஸிங் முடித்துப் போகிற பிள்ளைகள் வீட்டோடு தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். குழம்பு கொதிப்பதைக்கூடக் காட்டுகிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், சண்டை போடுகிறோம், சமாதானமாகிறோம். ஒரு குறையும் இல்லை.

போன வாரம் அவருக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். முழுசாக வெளுத்துவிட்டது. முதல் நரை எப்போதுங்க வந்தது என்று கேட்டேன். "ஆரு பாத்தா?" என்றார்.

பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்தான்.