அரளிப் புழுவின் நீலக் கண்கள்

ரஞ்சன்குடி பக்கம் பூச்சிக் கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். மக்காச்சோளக் காட்டு வரப்பில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு ஊர்ந்துகொண்டிருந்தது. களை வெட்டிக்கொண்டிருந்த காட்டுக்காரம்மா அதை மிதிக்கக் காலைத் தூக்கிவிட்டார்.

“படைப்புழு சார். எங்க சோளத்தத் தின்னுதான் இந்தக் கொழுப்பு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “படைப்புழு இதுல பாதிகூட இருக்காதுங்க, கால எடுங்க!”

சொல்லிவிட்டேனே தவிர, இது என்ன புழு என்று எனக்கும் தெரியவில்லை. எந்தச் செடியைத் தின்கிறது என்று பார்த்துத்தான் புழுவுக்குப் பெயர் சொல்வோம். இதுவோ வெறும் மண்ணில் கிடந்தது.

குச்சியால் மெல்லத் தொட்டேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்தருகே இரண்டு நீலக் கண்கள் பளிச்சென்று விரிந்தன. அரளிப் புழுவேதான்! பறவைகளை மிரட்ட அது வைத்திருக்கும் பொய்க் கண்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். வேலியோரத்து அரளியிலிருந்து இறங்கி வந்திருக்கிறது.

“இது சோளத்தத் தொடாதுங்க. அரளி இலையத்தான் தின்னும்.”

அந்தம்மா குனிந்து பார்த்தார்.

“அரளியத் தின்னுட்டு உசுரோட இருக்கா!”

அது வேலிக்குப் போய்ச் சேரும்வரை அவர் களைக்கொத்தைக் கீழே இறக்கவே இல்லை. தூக்கிப் பிடித்தபடி வழிவிட்டு நின்றார்.