ஆய்வாளர் என் மகனைப் பார்த்த விதம்

விபத்துக்குப் பிறகு என் மகன் பேசுவதில்லை. வயது இருபத்து மூன்று. சட்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு நேர்சிங் ஹோமில் இருக்கிறான். வலது கை இயங்காது. இடது கையால் ஒரு கோப்பையைப் பிடித்துக் குடிப்பான்.

அன்று நாங்கள் அவனோடு கூடத்தில் இருந்தபோது, முன்னறிவித்தல் இல்லாமல், பராமரிப்பு இல்லங்களைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். உறவினர்களுடன் பேசலாமா என்று கேட்டார்.

என் கணவர் காதுக்குள் சொன்னார்: "இஞ்சேரும், ஒண்டும் சொல்லிப் போடாதையும். பிறகு இஞ்ச வேலை செய்யிறவை கோவத்தைப் பிள்ளையில காட்டுவினம்."

பிறகு ஆய்வாளரிடம் ஆங்கிலத்தில், எல்லாம் நல்லம், ஒரு குறையும் இல்லை என்றார். ஊரில் போர்க்காலச் சோதனைச்சாவடிகளில் நின்று பழகிய எங்களுக்கு, அதிகாரி கேட்டால் வேறு பதில் வாயில் வராது.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, மூலையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பேசவில்லை. எழுதவும் இல்லை.

"உவ என்ன, டிவி பாக்க வந்தவவோ?" என்றார் கணவர்.

அவர் பார்த்தது என் மகனை. அதனால் நானும் பார்த்தேன். அவன் கண் தட்டில் இருந்த ஜூஸ் கோப்பைக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. கோப்பை வலப்பக்கத்தில் இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் அவனோடு அன்பாகப் பேசினார்கள். ஒருத்தி தலையைத் தடவிவிட்டுப் போனாள். கோப்பையை ஒருவரும் நகர்த்தவில்லை. ஆய்வாளர் எழுந்து அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். கோப்பை இடப்பக்கம் வந்தது. என் மகன் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

வாயில்லாத பிள்ளையின் தாகத்தை, அவனை ஒருநாளும் கண்டிராத ஒருவர் அந்த மூலையில் இருந்தே கேட்டிருந்தார்.

சில வாரங்களில் அறிக்கை இணையத்தில் வந்தது. ஒவ்வொரு இல்லத்திலும் ஐந்து விஷயங்களைப் பார்த்து, தனித்தனியாகத் தரம் கொடுப்பார்கள். அக்கறைக்கு 'நல்லது' கிடைத்திருந்தது. பாதுகாப்புக்கும் நிர்வாகத்துக்கும் 'முன்னேற்றம் தேவை'. இரண்டு இறங்கினால் முழு இல்லத்தின் தரமும் இறங்கிவிடும். இறங்கிவிட்டது. பேச முடியாத ஒருவருக்குப் பானம் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று அதில் இருந்தது. பெயர் இல்லை. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அறிக்கையைக் கண்டுவிட்டு, தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் மச்சாள் போன் எடுத்தா. "உந்த இடத்தில இன்னும் பிள்ளையை விட்டு வைச்சிருக்கிறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

விரும்பினால் குட்மேய்ஸில் உள்ள இன்னொரு இல்லத்தில் இடம் இருக்கிறது என்று உள்ளூராட்சிக் கவுன்சிலும் சொன்னது. அதன் தரம் 'நல்லது'. "நாளைக்கே மாத்துவம்" என்றார் கணவர். நான் அந்த இல்லத்தின் அறிக்கையைத் தேடினேன். கடைசியாக அங்கே ஆய்வு நடந்து வருடக்கணக்காகிவிட்டது. அந்த 'நல்லது' எப்போதோ ஒரு நாளில் கண்டது. மாற்றினால் என் பிள்ளை தப்புவானா, மாற்றாவிட்டால் தப்புவானா? தூக்கம் போனது.

அடுத்த நாள் தனியாகப் போய், அந்த மூலை நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். வாய் துடைக்கவில்லை, போர்வை இழுக்கவில்லை. சும்மா பார்த்தேன்.

தலையைத் தடவிய அதே பிள்ளை வந்து, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, டிவியை நிறுத்தவா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் போகவில்லை, காத்திருந்தாள். அவன் கண்களை மெல்ல மூடி, சற்றுப் பொறுத்துத் திறந்தான். அவள் நிறுத்தினாள். பிறகு யன்னலைத் திறக்கவா என்றாள். கண் மூடவில்லை. அவள் திறக்கவில்லை.

என் மகன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெளியே ஓடிப்போய்க் கணவருக்குப் போன் எடுத்தேன். "பிள்ளையை மாத்த வேண்டாம்."

"ஏனப்பா, என்ன நடந்தது?"

"வேலையை விட்டிட்டு இப்பவே வாங்கோ. வந்து அவனோட கதையுங்கோ."