வெளிச்சம் பட்ட தட்டு

வெளிச்சம் படாமல் மூடிற பழக்கத்தில தண்ணிப் போத்தலைக்கூட அலுமினியத் தாளில சுத்தி வைப்பா அந்த ஆராய்ச்சிக்காரப் பிள்ளை. கன்னத்தில ஒரு வட்டத் தழும்பு. மணல் ஈ கடிச்சு வந்த ஒட்டுண்ணிப் புண்ணாம். அதுக்குத்தான் மருந்து தேடினா: வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும் எண்டு அவ நம்பின ஒரு செடிச்சாறு. எவ்வளவு நேர வெளிச்சம் வேணுமெண்டுதான் பிடிபடேல்லை.

லண்டனில அவவின்ர ஆய்வுகூடத்தைத் துடைக்கிறது நான். ஒருநாள் காலமை ஷிப்டில, கிருமித் தட்டுகள் வைச்சு இருட்டாய் இருக்கவேண்டிய அறையில பழக்கதோசத்தில லைற்றைப் போட்டுட்டு, ஒரு மணித்தியாலம் துடைச்சிருக்கிறன். ஓடிவந்தவ மைக்ரோஸ்கோப்பில குனிஞ்சா. வேலை போச்சு எண்டு நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டன்.

"அண்ணை, வந்து பாருங்கோ! சாறு விட்ட தட்டில ஒரு கிருமியும் அசையேல்லை. விடாததில நெளியுது!" துள்ளினா. தழும்பைத் தடவிக்கொண்டே, "நாளைக்கும் இதே நேரம் வந்து லைற்றைப் போடுங்கோ" எண்டா.

இந்த நாட்டில எல்லாரும் என்னை லைற்றை நிப்பாட்டத்தான் சொன்னவை. போடச் சொன்னது அவ ஒராள்தான்.